பழைய பிஎம்டபிள்யூ 1 சீரிஸ் கூப்பே, கன்வர்ட்டிபிள்: வாங்கும் முன் எதை, எந்த வரிசையில் பார்ப்பது

2007 கடைசியிலிருந்து 2013 வரை தயாரான பிஎம்டபிள்யூ 1 சீரிஸின் இரண்டு கதவு மாடல்கள் இரண்டு. கூரை நிலையாக இருக்கும் கூப்பேவுக்கு இ82 என்றும், துணிக் கூரை மடங்கும் கன்வர்ட்டிபிளுக்கு இ88 என்றும் உள் குறியீடு. பாகம் தேடும்போதும் மெக்கானிக்கிடம் பேசும்போதும் இந்தக் குறியீடுகள்தான் உதவும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று இவை மலிவாகக் கிடைக்கின்றன. புதுச் சின்னக் கார் வாங்கும் பணத்தை விடக் குறைவாகவே ஒரு பின்சக்கர ஓட்ட, ஆறு சிலிண்டர் கார் கைக்கு வந்துவிடும். ஆனால் இறங்கியிருப்பது காரின் விலை மட்டும்தான். அதன் வாட்டர் பம்ப்போ, கூரையின் ஹைட்ராலிக் மோட்டாரோ விலை இறங்கவில்லை. பழைய சொகுசுக் கார் வாங்கிக் கையைச் சுட்டுக்கொள்பவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு கணக்கைப் போடாதவர்கள். கீழே உள்ள படிகளை வரிசை மாறாமல் செய்தால், காரைப் பார்த்து ஒரே நாளில் முடிவுக்கு வந்துவிடலாம்.

1. முதலில் எஞ்சினைத் தேர்ந்தெடுங்கள், பிறகு காரை

நிறம், சக்கரம், தோல் இருக்கை எல்லாம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் செலவைத் தீர்மானிப்பது எஞ்சின்.

128ஐ, 125ஐ (128i, 125i): இரண்டிலும் இருப்பது டர்போ இல்லாத 3.0 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின்; அதன் குறியீடு என்52. 128ஐ சுமார் 230 குதிரைத்திறன், 125ஐ 218. பெட்ரோலை சிலிண்டருக்குள் நேரடியாகப் பீய்ச்சாமல் இன்டேக் வழியாகத் தரும் பழைய முறை என்பதால், உயர் அழுத்தப் பம்ப்பும் விலை உயர்ந்த இன்ஜெக்டர்களும் இதில் கிடையாது. முதல் முறையாக இந்த வகைக் கார் வாங்குகிறீர்கள் என்றால் யோசிக்காமல் இதைத் தேடுங்கள்.

135ஐ: 300 குதிரைத்திறன் அளவுக்கு இழுக்கும் ஆறு சிலிண்டர் டர்போ கார். 2010 வரை இரட்டை டர்போ என்54, அதன்பின் ஒற்றை டர்போ என்55. என்54இல் உயர் அழுத்த எரிபொருள் பம்ப், இன்ஜெக்டர், டர்போவின் வேஸ்ட்கேட் (டர்போ அழுத்தம் மிகாமல் காக்கும் வால்வ்) ஆகிய மூன்றும் தெரிந்த பலவீனங்கள். இவற்றுக்கான பில்கள் இல்லாத என்54 காரை, 'இனிமேல் நாம்தான் செய்ய வேண்டும்' என்று கணக்கு வைத்தே பாருங்கள். 135ஐ தான் வேண்டும் என்றால் என்55 உள்ள காரைத் தேடுங்கள்.

120டி, 123டி, 118டி: 2.0 லிட்டர் டீசல் என்47. மைலேஜ் நன்றாக இருக்கும். ஆனால் டைமிங் செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. 2011 வரை வந்தவற்றில் அது தேய்வது பரவலான பிரச்சினை. செயின் அறுந்தால் எஞ்சினே போய்விடும். மாற்றுவதென்றால் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும். செயின் மாற்றிய பில் இல்லையென்றால், மாற்றும் முழுச் செலவையும் விலையில் கழித்துத்தான் பேச வேண்டும்.

118ஐ, 120ஐ: நாட்டுக்கு நாடு இவற்றின் எஞ்சின் மாறும். என்43 என்றால் இன்ஜெக்டர், காயில், நாக்ஸ் சென்சார் (புகையில் நைட்ரஜன் ஆக்சைடை அளப்பது) ஆகியவற்றைக் கவனியுங்கள். என்46 என்றால் வால்வ் ஸ்டெம் சீல் (ஆயில் சிலிண்டருக்குள் இறங்காமல் தடுக்கும் ரப்பர்) தேய்ந்து நீலப் புகை வருகிறதா என்று பாருங்கள். ஓட்டுவதில் பெரிய சுகமும் இல்லை, பராமரிப்பில் பெரிய மிச்சமும் இல்லை. என் கணிப்பில் இவை நான்கில் கடைசித் தேர்வு.

2. போனிலேயே பாதி வடிகட்டிவிடுங்கள்

நேரில் போகும் முன் விற்பவரிடம் இவற்றைக் கேளுங்கள்:

சேசிஸ் எண் 17 இலக்கமும் வேண்டும். அதைக் கொண்டு கார் எந்த மாதம் தயாரானது, என்னென்ன வசதியோடு வந்தது என்று பார்க்கலாம். நிலுவையில் இருக்கும் ரீகால்களையும் (குறைபாட்டைச் சரிசெய்யத் தயாரிப்பாளர் காரைத் திரும்ப அழைப்பது) தயாரிப்பாளரின் இணையதளத்தில் பார்த்துவிடலாம். எண் தரத் தயங்கும் விற்பனையாளரிடம் நேரம் செலவழிக்க வேண்டாம்.

கடைசியாக எஞ்சின் ஆயில் மாற்றியது எப்போது, எத்தனை கிலோமீட்டரில்? வாட்டர் பம்ப் மாற்றியாயிற்றா? கன்வர்ட்டிபிள் என்றால், கூரை இன்று முழுதாகத் திறந்து மூடுகிறதா? இந்த மூன்றுக்கும் மழுப்பாமல் பதில் வர வேண்டும். 'கூரையில் சின்ன சென்சார் பிரச்சினைதான், சுலபமாகச் சரியாகிவிடும்' என்றால் அவ்வளவு சுலபமானதை அவரே ஏன் செய்யவில்லை என்று கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள்: 'நான் வரும்வரை காரை ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள்.' இது மிக முக்கியம். ஏன் என்பது நான்காவது படியில்.

3. காகிதங்களை முதலில் விரித்து வையுங்கள்

காரைப் பார்த்த பிறகு காகிதம் பார்த்தால் மனம் ஏற்கெனவே சாய்ந்திருக்கும். அதனால் காகிதங்களை முதலில் பாருங்கள்.

பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். 'நண்பருக்காக விற்கிறேன்' என்றால் அந்த நண்பரே நேரில் வரட்டும். கடன் பாக்கி இருந்து தீர்க்கப்பட்டிருந்தால் அதற்கான தடையில்லாச் சான்று வேண்டும். காரின் மேல் கடன் இருப்பது பிறகு தெரிந்தால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

சேசிஸ் எண்ணை மூன்று இடத்தில் ஒப்பிடுங்கள்: முன்கண்ணாடியின் அடியில், கதவுச் சட்டத்தில் ஒட்டிய தாளில், பொனட்டுக்குள் சஸ்பென்ஷன் மேடைப் பக்கத்தில் உலோகத்தில் பொறித்த இடத்தில். பதிவுச் சான்றிதழோடு மூன்றும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும்.

சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை மட்டும் இருந்தால் போதாது. என்ன பாகம் போட்டார்கள், எத்தனை கிலோமீட்டரில் என்று எழுதிய பில்தான் சாட்சி. பில்களைத் தேதி வரிசையில் அடுக்கி, கிலோமீட்டர் ஏறுமுகமாகவே போகிறதா என்று பாருங்கள். நடுவில் இரண்டு மூன்று வருடம் ஒன்றுமே இல்லையென்றால் அந்தக் காலத்தில் கார் எங்கே இருந்தது என்று கேளுங்கள். கம்பெனி சொன்ன ஆயில் இடைவெளி நாட்டைப் பொறுத்து 24,000 முதல் 30,000 கிலோமீட்டர் வரை போகும். அது ரொம்ப நீளம். 12,000–15,000க்கு ஒருமுறை மாற்றியவரின் காருக்கு நீங்கள் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கலாம்.

சாவி இரண்டு இருக்க வேண்டும். சாதாரண ரிமோட் சாவியின் பேட்டரி உள்ளேயே அடைத்து வைத்தது. டாஷ்போர்டில் சாவி செருகும் துளையில் இருக்கும்போதுதான் சார்ஜ் ஆகும். பல வருடம் அலமாரியில் கிடந்த இரண்டாவது சாவி காரை ஸ்டார்ட் செய்யும், ஆனால் ரிமோட் வேலை செய்யாமல் போகலாம். இரண்டு சாவியையும் போட்டுப் பாருங்கள். புதுச் சாவி என்றால் சேசிஸ் எண் கொடுத்து ஆர்டர் போட வேண்டும், காத்திருக்க வேண்டும், விலையும் அதிகம்.

காரைப் பார்க்கப் போகும் முன்பே இன்சூரன்ஸ் எவ்வளவு வரும் என்று விசாரித்துவிடுங்கள். 135ஐக்கும் 128ஐக்கும் இதிலேயே பெரிய வித்தியாசம் இருக்கலாம்.

4. குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள்

போனதும் பொனட் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் பார்ப்பதை அன்றைக்கு நிறுத்திக்கொண்டு இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். ராத்திரி முழுக்க நின்ற எஞ்சின்தான் உண்மையைச் சொல்லும்.

ஜன்னலை இறக்கி, ஏசி, ரேடியோவை அணைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

என்52இல் 'டிக் டிக்' என்ற மெல்லிய தட்டல் வந்தால் அது வால்வ் லிஃப்டர். குறுகிய தூரமே ஓடிய கார்களில் வரும். இருபது நிமிடம் நன்றாக ஓட்டியதும் போய்விட்டால் பயமில்லை; பேரத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். சூடான பிறகும் நிற்கவில்லையென்றால் செலவு இருக்கிறது.

என்54இல் ஸ்டார்ட் ஆக அதிக நேரம் சுற்றினால் உயர் அழுத்தப் பம்ப் மேல் சந்தேகப்படுங்கள். இந்தப் பம்ப்புக்கு 2010இல் ரீகால் வந்தது. மாற்றப்பட்டதா என்று சேசிஸ் எண்ணை வைத்துக் கேட்கலாம். ஸ்டார்ட் ஆனதும், அல்லது ஆக்சிலரேட்டரை விடும்போதும், தளர்ந்த தகரம் ஆடுவது போல் சத்தம் வந்தால் அது வேஸ்ட்கேட். சத்தத்தோடு இழுவையும் குறைந்திருந்தால் இரண்டு டர்போவையும் மாற்றும் நிலை. பாக விலையை விடுங்கள், கூலி மட்டுமே ஒரு முழு நாளைத் தாண்டும்.

டீசலில், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து 1,500–2,000 ஆர்பிஎம்மில் வைத்து, ஒருவர் எஞ்சினின் பின்பக்கம், அதாவது கேபினை ஒட்டிய பக்கம், காது கொடுக்கட்டும். உலோகம் உலோகத்தை உரசும் சத்தம் கேட்டால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

என்46 என்றால் ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டுவிட்டு ஒரே மிதி. பின்னால் நீலப் புகை வந்தால் வால்வ் ஸ்டெம் சீல்.

5. டார்ச் எடுத்துக்கொண்டு பொனட்டுக்குள்

ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் ஆயில் அளக்கக் குச்சி கிடையாது. டாஷ்போர்டுத் திரையில்தான் அளவு தெரியும், அதுவும் எஞ்சின் சூடான பிறகு. விற்பவரை அந்த அளவைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தெரியவில்லையென்றால், இத்தனை வருடமும் அவர் ஆயில் அளவே பார்த்ததில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

அடுத்து, ஆறு சிலிண்டர் கார் எதுவானாலும் தவறாமல் பார்க்க வேண்டிய இடம்: எஞ்சினின் முன்பக்கம் ஆயில் ஃபில்டர் வீடு, அதற்குக் கீழே ஆல்டர்னேட்டர், அதன் பக்கத்தில் பெல்ட். ஃபில்டர் வீட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட் ரப்பர் வருடக்கணக்கில் சூட்டில் வெந்து கட்டியாகிவிடும். ஆயில் கசிந்து கீழே இறங்கும். டார்ச்சை அந்த இடுக்கில் அடித்தால் ஈரமான கறுப்புப் பிசுக்கு, அதில் ஒட்டிய மண் தெரியும். கேஸ்கெட் சின்னப் பாகம், விலையும் குறைவு. ஆனால் ஆயில் பட்ட பெல்ட் வழுக்கி, நார் நாராகக் கிழிந்து, கிரான்க் புல்லிக்குப் பின்னால் சுற்றி, முன் சீலைத் தள்ளிக்கொண்டு எஞ்சினுக்குள்ளேயே நுழைந்துவிடும். அப்படி நுழைந்தால் ஆயில் சம்ப்பைக் கழற்றி நாரைப் பொறுக்க வேண்டும். கசிவு இருக்கும் காரை வாங்கக் கூடாது என்றில்லை. வாங்கினால் அந்த வாரமே சரிசெய்ய வேண்டும். கேஸ்கெட்டோடு பெல்ட்டும் புதிது போட வேண்டும்.

வால்வ் கவர் கேஸ்கெட் கசிந்தால் ஆயில் சூடான எக்ஸாஸ்ட் மேல் சொட்டும். சிக்னலில் நிற்கும்போது கேபினுக்குள் கருகிய நாற்றம் வருவது இதனால்தான். நாலைந்து மணிநேரக் கூலி வரும் வேலை இது.

ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் வாட்டர் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. சாதாரண பம்ப் போல் முன்கூட்டியே கசிந்தோ சத்தம் போட்டோ எச்சரிக்காது. ஒருநாள் நின்றுவிடும், திரையில் சிவப்பு வெப்பமானி வரும், அதே இடத்தில் காரை நிறுத்தியாக வேண்டும். ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி, மாற்றிய பில் இல்லாத கார் என்றால் பம்ப், தெர்மோஸ்டாட் இரண்டையும் சேர்த்தே உங்கள் செலவில் எழுதிக்கொள்ளுங்கள். கூலி மூன்று நான்கு மணிநேரம். ஏற்கெனவே மாற்றியிருந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: போல்ட்டும் புதிதா? என்52இன் எஞ்சின் பிளாக் மக்னீசியம் கலந்தது. அதில் அலுமினிய போல்ட்தான் போட வேண்டும், ஒருமுறை கழற்றினால் புதிது போட வேண்டும். கையில் கிடைத்த இரும்பு போல்ட்டை முறுக்கிவிட்டால் காலப்போக்கில் பிளாக்கிலேயே அரிப்பு பிடிக்கும்.

6. கூரை: கன்வர்ட்டிபிளில் பாதி பணம் இங்கேதான்

கூப்பே பார்ப்பவர்கள் அடுத்த படிக்குப் போகலாம். கன்வர்ட்டிபிள் பார்ப்பவர்கள் இதற்குக் குறைந்தது அரை மணிநேரம் ஒதுக்குங்கள்.

முதலில் எஞ்சினை ஓட விடுங்கள். பேட்டரி பலவீனமாக இருந்தாலே கூரை பாதியில் நிற்கும். டிக்கிக்குள் கூரை மடங்கி வந்து உட்காரும் இடத்தைப் பிரிக்கும் தடுப்பு கீழே இறங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் கூரை அசையவே அசையாது. 'கூரை வேலை செய்யவில்லை' என்று மலிவாக விற்கப்படும் காரில் எப்போதாவது காரணம் இது மட்டுமாகவே இருக்கும். அதை நம்பி வாங்கிவிடாதீர்கள். அங்கேயே இறக்கிப் பாருங்கள்.

இப்போது பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். நான்கு ஜன்னல்களும் இறங்கும். பின்மூடி எழும். கூரை முன்விளிம்பிலிருந்து விடுபட்டு, மடிந்து, உள்ளே போகும். மூடி மறுபடி இறங்கிப் பூட்டிக்கொள்ளும். மொத்தம் சுமார் 22 வினாடி. போன் ஸ்டாப்வாட்ச்சில் அளந்து பாருங்கள். கூடவே காதும் இருக்கட்டும். ஹைட்ராலிக் மோட்டார் ஒரே சீராக முனக வேண்டும். ஓரிடத்தில் திணறி மறுபடி வேகம் எடுத்தால் எண்ணெய் குறைந்திருக்கிறது அல்லது பம்ப் களைத்துவிட்டது. கூரையின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே நேரத்தில் அசைகின்றனவா என்று ஒருவர் வெளியே நின்று பார்க்கட்டும். ஒருபக்கம் பின்தங்கினால் அந்தப் பக்க சிலிண்டர் சரியில்லை. சட்டம் வளைந்துபோகும் ஆபத்தும் இருக்கிறது.

முழுதாகத் திறந்து மூடுவதை இரண்டு முறை செய்யுங்கள்: போனவுடன் ஒன்று, ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து ஒன்று. குளிரில் நன்றாக வேலை செய்து சூட்டில் நின்றுபோகும் பம்ப்பும் உண்டு, அதற்கு நேர்மாறாகவும் உண்டு.

கூரை நடுவில் நின்று திரையில் எச்சரிக்கை வந்தால் இரண்டு சாத்தியம். ஒன்று, சட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் சென்சாரோ, அதற்குப் போகும் வயரோ. கூரை மடியும் ஒவ்வொரு முறையும் அந்த வயரும் மடிகிறது. பல வருடத்தில் உள்ளே அறுந்துவிடும். இது ஸ்கேனில் தெரியும், செலவும் தாங்கும். இன்னொன்று பம்ப், சிலிண்டர், குழாய். இதுதான் பர்ஸைக் காலி செய்வது. எது என்று தெரியாமல் விலை பேசாதீர்கள்.

கூரை மடியும் இடத்தில் உள்பக்கத் துணியில், டிக்கியின் பக்கவாட்டு விரிப்பில், எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஹைட்ராலிக் எண்ணெய் ஆவியாகாது. எங்கே குறைந்ததோ அது இன்னொரு இடத்தில் ஊறியிருக்கும்.

துணியை மூடிய நிலையில் பாருங்கள். மடிப்பு விழும் மூலைகளில் நூல் தேய்ந்து வெளுத்திருக்கும். உள்ளே உட்கார்ந்து, வெளியிலிருந்து ஒருவர் டார்ச் அடித்தால் ஊசித்துளையும் தெரியும். பின்கண்ணாடி துணியோடு ஒட்டப்பட்டது. அதன் ஓரம் பிரிந்திருக்கிறதா என்று விரல் நகத்தால் தொட்டுப் பாருங்கள். பிரிந்திருந்தால் பசை போட்டு ஒட்டுவது நீடிக்காது. முழுத் துணியையும் மாற்றும் வேலையில்தான் பெரும்பாலும் முடியும்.

கடைசியாக தண்ணீர். முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். கூரை உட்காரும் குழியில் சேரும் மழைநீர் வெளியேற வடிகுழாய்கள் உண்டு. இலையும் மண்ணும் அடைத்தால் தண்ணீர் காருக்குள் திரும்பும். கால் வைக்கும் இடத்துக் கம்பளத்தை மேலே மட்டும் தொட்டால் போதாது. ஓரத்தைத் தூக்கி அடியில் இருக்கும் பஞ்சை அழுத்துங்கள். பின்இருக்கையைத் தூக்குங்கள். டிக்கியின் தரை விரிப்பைத் தூக்கி, பேட்டரி இருக்கும் குழியைப் பாருங்கள். பேட்டரி முனையில் பச்சைப் பூப்பும், வயர் இணைப்பில் துருவும் இருந்தால் அங்கே தண்ணீர் நின்றிருக்கிறது. ஈரத்தில் இருந்த மின்னணுப் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பழுதாகும். அப்படிப்பட்ட காரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.

7. உடல், ஜன்னல், மின்சாரம்

பெயின்ட் கனம் அளக்கும் மீட்டர் வாடகைக்கோ இரவலுக்கோ கிடைத்தால் எடுத்துப் போங்கள். உலோகப் பாகங்களில் கம்பெனி பெயின்ட் சுமார் 100 முதல் 160 மைக்ரான் இருக்கும். ஒரு கதவு மட்டும் 300ஐத் தாண்டினால் அங்கே பட்டி பார்த்திருக்கிறார்கள். கன்வர்ட்டிபிளில் பக்கவாட்டு அடி கடுமையானதாக இருந்திருந்தால் கூரை ஒருபோதும் சரியாகப் பொருந்தாது. அதனால் கதவு இடைவெளியையும், கூரைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் உள்ள ரப்பரையும் சேர்த்தே பாருங்கள்.

கதவுக் கண்ணாடிக்குச் சட்டம் கிடையாது. கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி சில மில்லிமீட்டர் இறங்கி, கதவை மூடியதும் ஏறி ரப்பரில் உட்கார வேண்டும். இறங்காமல் ரப்பரைக் கிழித்துக்கொண்டு திறந்தால் ஜன்னல் மோட்டாரோ கைப்பிடி சுவிட்சோ பழுது.

ஜன்னல், முகப்பு விளக்கு, இண்டிகேட்டர் எல்லாம் சேர்ந்து வேலை செய்யவில்லையென்றால் அது எஃப்ஆர்எம் என்ற மாட்யூல். பேட்டரி மாற்றும்போதோ, பேட்டரி முழுதாக இறங்கியபோதோ இதன் மென்பொருள் குழம்பிப்போவது இந்தக் கார்களில் சகஜம். புது மாட்யூல் வாங்கச் சொல்வார்கள். பெரும்பாலும் இருப்பதையே மறுபடி எழுதிச் சரிசெய்யும் நிபுணர்கள் இருக்கிறார்கள். செலவு பல மடங்கு குறையும்.

ஏர்பேக் ரீகாலை அலட்சியம் செய்யாதீர்கள். டகாடா நிறுவனத்தின் ஏர்பேக்குகள் விரியும்போது வெடித்துச் சிதறும் பிரச்சினையில் இந்த மாடல்களும் அடங்கும். இது உயிர் சம்பந்தப்பட்டது, மாற்றுவது இலவசம். இது தவிர பேட்டரியின் பாசிட்டிவ் கேபிள் இணைப்பு, ஆறு சிலிண்டரில் கிரான்க்கேஸ் வென்டிலேஷன் ஹீட்டர், 2010–2012 ஆறு சிலிண்டர் கார்களில் வேனோஸ் (வால்வ் திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு) போல்ட் ஆகியவற்றுக்கும் ரீகால்கள் வந்தன. உங்கள் சேசிஸ் எண்ணுக்கு எது பொருந்தும், எது முடிந்தது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஆறு வருடம் தாண்டிய டயர் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் மாற்ற வேண்டியதுதான். இந்தக் காரில் ஸ்டெப்னி கிடையாது. காற்றில்லாமலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃபிளாட் டயரோடு வந்தது. யாராவது சாதாரண டயர் மாற்றியிருந்தால் ஓட்டம் மென்மையாகவே இருக்கும், ஆனால் பஞ்சர் கிட் டிக்கியில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

8. ஓட்டிப் பாருங்கள், குறைந்தது முப்பது நிமிடம்

பத்து நிமிடச் சுற்று எதற்கும் உதவாது. நெரிசல், மேடுபள்ளம், வேகச்சாலை மூன்றும் வர வேண்டும்.

வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கினால் டிஸ்க் மட்டும் காரணம் அல்ல; முன் சஸ்பென்ஷன் ஆர்மில் உள்ள, திரவம் நிரப்பிய ரப்பர் புஷ் வெடித்திருக்கலாம். ஆட்டோமேட்டிக்கில் முதல் இரண்டு மூன்று கியர் மாறும்போது உதைப்பு இருக்கக் கூடாது. 'இந்த கியர்பாக்ஸுக்கு ஆயிலே மாற்ற வேண்டாம்' என்று சொன்னால் நம்பாதீர்கள். இந்தக் கார்களில் பலவற்றின் கியர்பாக்ஸைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. என்55 135ஐயில் வரும் ஏழு கியர் இரட்டை கிளட்ச் என்றால் நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது அதிர்கிறதா என்று பாருங்கள்.

கன்வர்ட்டிபிள் கூப்பேயை விட நூறு கிலோவுக்கு மேல் கனமானது. மேடுபள்ளத்தில் முன்கண்ணாடிச் சட்டம் லேசாக அதிர்வது இயல்பு. கடகடவென்று சத்தம் வருவது இயல்பல்ல.

9. ஸ்கேன் இல்லாமல் முன்பணம் வேண்டாம்

பிஎம்டபிள்யூ மாட்யூல்கள் அனைத்தையும் படிக்கும் ஸ்கேன் கருவி உள்ள மெக்கானிக்கிடம் காரைக் காட்டுங்கள். டீலராக இருக்க வேண்டியதில்லை. இந்த மாடலில் கை பழகியவராக இருந்தால் போதும். லிஃப்டில் ஏற்றிப் பார்ப்பதோடு சேர்த்து ஒன்றரை மணிநேரம் ஆகும். கூலியை நீங்களே கொடுங்கள். விற்பவரின் மெக்கானிக் வேண்டாம்.

பிழைக் குறிகள் ஒன்றுமே இல்லை என்றால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். புகைக் கட்டுப்பாட்டுச் சோதனைகளின் தயார்நிலையைப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாமே 'முடியவில்லை' என்று காட்டினால் நேற்றோ இன்று காலையோ யாரோ பிழைகளை அழித்திருக்கிறார்கள். இரண்டு நாள் ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யாமல் வாங்காதீர்கள். இந்த வழியில் ஏமாறுபவர்கள் மிக அதிகம்.

கிலோமீட்டர் மீட்டரில் மட்டுமல்ல, ஸ்டார்ட் அனுமதி தரும் மாட்யூலிலும் சாவியிலும்கூட பதிவாகிறது. மீட்டரைக் குறைத்தவர்கள் மற்ற இடங்களை மறந்துவிடுவார்கள். மூன்றையும் ஒப்பிடச் சொல்லுங்கள். 135ஐ என்றால் எஞ்சின் மென்பொருள் மாற்றப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். அதிக சக்திக்கு ட்யூன் செய்து, விற்கும் முன் பழையதைத் திரும்ப ஏற்றிய கார்கள் சந்தையில் நிறைய.

10. கணக்குப் போட்டுவிட்டு விலை பேசுங்கள்

ஒரு தாளில் மூன்று பத்தி எழுதுங்கள்: இந்த வாரமே செய்ய வேண்டியது, ஒரு வருடத்துக்குள் செய்ய வேண்டியது, செய்யாமலே ஓட்டலாம் என்பது. முதல் பத்தியின் தொகை முழுவதையும், இரண்டாவதில் பாதியையும் விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள். மூன்றாவதைப் பேச்சிலேயே எடுக்காதீர்கள். சீட்டுத் துணியின் சுருக்கத்தைப் பேசினால் ஆயில் கசிவு பேச்சு வலுவிழந்துவிடும்.

அதற்கு மேல், 128ஐக்கு வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கும், என்54 உள்ள 135ஐக்கும் கூரை வரலாறு தெரியாத கன்வர்ட்டிபிளுக்கும் மூன்றில் ஒரு பங்கும் கையிருப்பாக இருக்கட்டும். அந்தப் பணத்தையும் சேர்த்துத்தான் உங்கள் பட்ஜெட். அது இல்லையென்றால் விலையில் ஒரு படி இறங்கி, சாதாரண எஞ்சினோடு நல்ல பில்கள் உள்ள காரைத் தேடுங்கள்.

கன்வர்ட்டிபிளைக் குளிர்காலத்திலோ மழைக்காலத்திலோ வாங்குங்கள். வெயில் தொடங்கும்போது கேட்பவர்கள் கூடுவார்கள், விற்பவர் இறங்கமாட்டார். மழைக்காலத்தில் கூரை ஒழுகுவதும் மறைக்க முடியாது.

11. வாங்கிய முதல் மாதம்

எஞ்சின் ஆயில், ஃபில்டர் உடனே. ஆறு சிலிண்டருக்கு 6.5 லிட்டர் பிடிக்கும்; பெட்ரோல் எஞ்சினுக்கு டப்பாவில் பிஎம்டபிள்யூ எல்எல்-01 அனுமதி எழுதியிருக்க வேண்டும். பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. கடைசி தேதி தெரியவில்லையென்றால் இப்போதே மாற்றுங்கள்.

ஆறு சிலிண்டர் காரில் கூலன்ட் மாற்றினால், அல்லது வாட்டர் பம்ப் போட்டால், காற்று வெளியேற்றும் முறை வேறு. பேட்டரிக்கு சார்ஜர் போட்டுவிட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போடுங்கள். ஹீட்டரை அதிகபட்ச வெப்பத்திலும் ஃபேனைக் குறைந்த வேகத்திலும் வைத்து, ஆக்சிலரேட்டரைப் பத்து வினாடி முழுதாக மிதித்துப் பிடியுங்கள். மின்சாரப் பம்ப் தானாக ஓடத் தொடங்கி சுமார் 12 நிமிடம் சுற்றும். நின்றதும் டேங்கில் அளவு பார்த்து நிரப்புங்கள். பழைய முறையில் எஞ்சினை ஓடவிட்டுக் காற்று எடுத்தால் உள்ளே காற்று தங்கி, புதுப் பம்ப்பும் சூடாகிக் கெடும்.

பேட்டரி மாற்றினால் ஸ்கேன் கருவியால் காரில் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பழைய பேட்டரி என்று நினைத்தே கார் சார்ஜ் ஏற்றும். புதுப் பேட்டரியின் ஆயுள் குறையும். கன்வர்ட்டிபிளில் கூரையின் வடிகுழாய்களை வளையும் நைலான் கம்பியால் மெதுவாகச் சுத்தம் செய்து, ரப்பர்களுக்கு சிலிகான் தடவிவிடுங்கள். காற்றழுத்தக் குழாயை வைத்து ஊத வேண்டாம். வடிகுழாயின் இணைப்பு உள்ளே கழன்றால் தண்ணீர் நேராகக் கம்பளத்துக்குத்தான் போகும்.